பாண்டூன் படகுக்குப் பொருத்தமான புரொப்பெல்லர்

நீளமான இரண்டு அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையான தளம் அமைத்து, சுற்றிலும் கம்பித் தடுப்பும் இருக்கைகளும் பொருத்திக் கட்டப்படும் உல்லாசப் படகே பாண்டூன் படகு. 1952-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ரிச்மண்ட் என்ற சிற்றூரின் விவசாயி ஆம்ப்ரோஸ் வீரஸ், இரும்புப் பீப்பாய்களை வரிசையாக ஒட்டி இரண்டு மிதவைகள் செய்து, அவற்றின் மேல் மரத்தளம் போட்டு ஏரியில் இறக்கினார். இன்று அமெரிக்க ஏரிகளில் குடும்பமாக உலா வரவும், மீன் பிடிக்கவும், ரப்பர் மிதவையில் பிள்ளைகளை இழுத்துச் செல்லவும் இந்த வகைப் படகுகள் பெருமளவில் பயன்படுகின்றன. இவற்றை இயக்குவது பின்பக்கம் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டார். மோட்டாரின் திறனைத் தண்ணீரில் உந்துவிசையாக மாற்றுவது அதன் அடியில் சுழலும் புரொப்பெல்லர்.

மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று விசாரிக்கும் அக்கறையில் பாதிகூடப் புரொப்பெல்லர் விஷயத்தில் படகு வாங்குபவர்கள் காட்டுவதில்லை. கடைக்காரர் மாட்டிக் கொடுத்ததே கடைசிவரை ஓடுகிறது. ஆனால் ஒரே படகு, ஒரே மோட்டார் என்றாலும், புரொப்பெல்லர் மாறினால் கிளம்பும் வேகம், எரிபொருள் செலவு, காற்றில் படகைக் கரை சேர்க்கும் எளிமை, மோட்டாரின் ஆயுள் எல்லாமே மாறும். சரியான தேர்வுக்கு ஒரே ஒரு அளவுகோல் உண்டு: வழக்கமான சுமையுடன் முழு வேகத்தில் ஓட்டும்போது, மோட்டார் தயாரிப்பாளர் குறித்துள்ள சுழற்சி வரம்புக்குள் மோட்டார் ஓட வேண்டும். விட்டம், பிட்ச், இறக்கைகள், உலோகம் என்று பார்க்கும் மற்ற எல்லாமே அந்த இலக்கை அடைவதற்கான வழிகள்.

விட்டமும் பிட்சும்

புரொப்பெல்லரின் நடுக்குழலில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 14 x 11 என்று இருந்தால் முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச், இரண்டும் அங்குலத்தில்.

இறக்கைகளின் நுனிகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் அகலமே விட்டம். விட்டம் கூடினால் ஒரே சுற்றில் அதிகத் தண்ணீர் தள்ளப்படும். கனமாகவும் மெதுவாகவும் செல்லும் படகுகளுக்குப் பெரிய விட்டம் ஏற்றது. எடை குறைந்த வேகப் படகுகளுக்குச் சிறியது போதும். விட்டத்தை விருப்பம்போலக் கூட்ட முடியாது. புரொப்பெல்லருக்கு மேலே மோட்டாரில் இருக்கும் கிடைத்தகடு ஓர் எல்லையை வைத்துவிடுகிறது. அதனால் பெரும்பாலும் விட்டம் மோட்டாரோடு சேர்ந்தே முடிவாகிவிடும். வாங்குபவர் தேர்ந்தெடுப்பது பிட்சைத்தான்.

ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற கணக்கே பிட்ச். மரத்தில் திருகாணியைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட தூரம் உள்ளே இறங்குகிறது அல்லவா, அதே கணக்குத்தான். 11 அங்குலப் பிட்ச் உள்ள புரொப்பெல்லர் ஒரு சுற்றில் 11 அங்குலம் முன்னேற வேண்டும். ஆனால் தண்ணீர் மரம் இல்லை, தள்ளினால் பின்வாங்கும். கணக்குப்படியான தூரத்துக்கும் படகு உண்மையில் கடக்கும் தூரத்துக்கும் உள்ள இடைவெளியை நழுவல் என்பார்கள். நழுவல் ஒரு குறைபாடு இல்லை. தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தான் படகு முன்னால் போகும் என்பதால், ஓரளவு நழுவல் இல்லாமல் உந்துவிசையே பிறக்காது. நல்ல வேகப் படகில் இது 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பாண்டூன் படகில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம்.

பாண்டூனின் தேவை வேறு

வி-வடிவ அடிப்பாகம் கொண்ட வேகப் படகு, வேகம் பிடித்ததும் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓடும். தண்ணீரில் உரசும் பரப்பு குறைவதால் மோட்டாரின் சுமையும் குறையும். இரண்டு குழாய்கள் மட்டுமே கொண்ட பாண்டூன் இப்படி எளிதில் எழுவதில்லை. சுமார் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்கள் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் தண்ணீரில் அமிழ்ந்தபடியே உழுதுகொண்டு போகின்றன. மேலே உயரமான தடுப்புகளும் துணிக்கூரையும் எதிர்காற்றை வாங்கிக்கொள்கின்றன. காலையில் இரண்டு பேருடன் மீன் பிடிக்கப் போகும் அதே படகு, மாலையில் பத்துப் பேரையும் உணவுப் பெட்டிகளையும் சுமக்கும்.

இந்த நிலையில் படகுக்கு முதலில் வேண்டியது கனத்தை நகர்த்தும் விசை. உச்ச வேகம் அதற்கு அடுத்தது. எனவே பாண்டூனுக்குப் பிட்ச் குறைவாகவும் இறக்கைப் பரப்பு அதிகமாகவும் உள்ள புரொப்பெல்லர் பொருந்தும். இரண்டு குழாய்ப் படகுகளில் 40 முதல் 115 குதிரைத்திறன் வரையிலான மோட்டார்களோடு பொதுவாக 9 முதல் 13 அங்குலம் வரையிலான பிட்ச் காணப்படுகிறது. மூன்றாவது குழாயும், குழாய்களின் பக்கவாட்டில் படகை மேலே எழச்செய்யும் பட்டைகளும் கொண்ட ட்ரைடூன் வகையின் கதை வேறு. அது 150 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாரோடு வழுக்கி ஓடக்கூடியது என்பதால் 15 அங்குலமும் அதற்கு மேலும் தாங்கும். இவை தேடலைத் தொடங்கும் இடங்கள் மட்டுமே. முடிவைச் சொல்ல வேண்டியது சுழற்சிமானி.

சுழற்சி வரம்பு

ஒவ்வொரு மோட்டாரின் கையேட்டிலும், த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று குறித்திருப்பார்கள். மெர்க்குரி நிறுவனத்தின் 115 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இந்த வரம்பு 5,000 முதல் 6,000 வரை. குறிப்பிட்ட குதிரைத்திறனை மோட்டார் கொடுப்பது இந்த எல்லைக்குள்தான்.

பிட்ச் அதிகமானால் மோட்டார் வரம்பை எட்டாமல் திணறும். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும், எரிபொருளும் நிறைய உள்ளே போகும், ஆனால் சுழற்சி ஏறாது. சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடி, கரி படிந்து, பிஸ்டனும் பேரிங்குகளும் தேய்மானத்துக்கு உள்ளாகும். படகு கிளம்பவே நேரமாகும். சுழற்சி குறைவாக இருப்பதால் மோட்டார் நிதானமாக ஓடுகிறது என்று தோன்றும். உண்மையில் அதுதான் மோட்டாரை மெல்லக் கெடுக்கும் நிலை.

பிட்ச் மிகக் குறைந்தால் நேர்மாறாக நடக்கும். மோட்டார் எளிதாக வரம்பைத் தாண்டிவிடும். இக்கால மோட்டார்களில் சுழற்சி எல்லை மீறும்போது மின்னணுக் கட்டுப்பாடு குறுக்கிட்டுத் திறனைக் குறைக்கும். மோட்டார் விட்டுவிட்டு உறுமும். அத்தகைய பாதுகாப்பு இல்லாத பழைய மோட்டார்கள் மிகைச் சுழற்சியால் உடைந்தே போகலாம்.

இரண்டுக்கும் நடுவில் வழிகாட்டும் எளிய விதி உண்டு. பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் முழு வேகச் சுழற்சி சுமார் 150 முதல் 200 வரை கூடும். ஓர் அங்குலம் கூட்டினால் அதே அளவு குறையும். மேற்சொன்ன 115 குதிரைத்திறன் மோட்டார் 15 அங்குலப் பிட்சில் 4,900 சுற்றுக்கு மேல் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 13 அங்குலத்துக்கு மாறினால் 5,200 அல்லது 5,300 கிடைக்கும். வரம்புக்குள் வந்துவிட்டது, ஆனால் ஆட்கள் கூடினால் மறுபடி கீழே இறங்கும். 11 அங்குலத்துக்குப் போனால் 5,500 முதல் 5,700 வரை. பாண்டூனுக்கு இந்தக் கடைசித் தேர்வே சரி. சுமை மாறிக்கொண்டே இருக்கும் படகு என்பதால், வழக்கமான சுமையில் சுழற்சி வரம்பின் மேற்பாதியில் இருக்க வேண்டும். அப்போதுதான் கூட்டம் ஏறும் நாளிலும் கீழ் எல்லைக்கு அடியில் போகாது. ஓட்டுநர் மட்டும் இருக்கும் நாளிலும் மேல் எல்லையைத் தாண்டாது என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் முறை

சோதனை ஓட்டத்துக்கு வேண்டியவை சுழற்சிமானியும் ஜிபிஎஸ் வேகம் காட்டும் கைப்பேசியும்தான். வழக்கமாக ஏறும் அளவு ஆட்கள், பாதிக்கு மேல் எரிபொருள், எப்போதும் படகில் இருக்கும் சாமான்கள் ஆகியவற்றோடு புறப்பட வேண்டும். காலிப் படகில் எடுத்த கணக்கு பயன்படாது. அமைதியான, ஆழமான நீரில் படகை நேராக ஓட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ட்ரிம் பொத்தானால் மோட்டாரின் சாய்வை மெல்ல மாற்றிக்கொண்டே வர வேண்டும். வேகம் உச்சத்தை எட்டும் இடத்தில் சுழற்சியையும் வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எதிர்த் திசையில் அதே ஓட்டத்தைத் திரும்பச் செய்து சராசரி எடுத்தால் காற்றும் நீரோட்டமும் ஏற்படுத்தும் பிழை நீங்கும். நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்பதையும் குறித்துவைத்தால், அடுத்த புரொப்பெல்லரோடு ஒப்பிட உதவும்.

சுழற்சி குறைவாக இருந்தால் உடனே புரொப்பெல்லரின் மேல் பழி போடக் கூடாது. குழாய்களில் பாசி படிந்திருக்கிறதா, ஒட்டு விட்டுக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா, த்ராட்டில் கேபிள் முழுதாகத் திறக்கிறதா, ஸ்பார்க் பிளக்கும் எரிபொருள் வடிகட்டியும் நல்ல நிலையில் உள்ளனவா, இறக்கைகள் வளைந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். போன ஆண்டு நன்றாக ஓடிய படகு இந்த ஆண்டு திணறினால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

கியர் விகிதமும் வேகக் கணக்கும்

மோட்டாரின் சுழற்சி அப்படியே புரொப்பெல்லருக்குப் போவதில்லை. அடிப்பகுதியில் உள்ள கியர் அதைக் குறைத்து அனுப்புகிறது. மெர்க்குரியின் 115 குதிரைத்திறன் மோட்டார் இரண்டு வகையில் கிடைக்கிறது. சாதாரண வகையில் கியர் விகிதம் 2.07, அதாவது மோட்டார் 2.07 சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. ‘கமாண்ட் த்ரஸ்ட்’ என்ற வகையில் விகிதம் 2.38. இதில் கியர்ப் பெட்டி பெரியது; அதிக விட்டமுள்ள புரொப்பெல்லரை மெதுவாகவும் அதிக முறுக்குவிசையோடும் சுற்ற வல்லது. யமஹாவும் இதே நோக்கத்தில் ‘ஹை த்ரஸ்ட்’ மோட்டார்களைத் தயாரிக்கிறது. கனமான பாண்டூன் படகுகளுக்கு இந்த வகை மிகப் பொருத்தம்.

கணக்குப்படியான வேகத்தைக் காண, மோட்டாரின் சுழற்சியைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மீண்டும் 656-ஆல் வகுக்க வேண்டும். விடை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 5,600 சுழற்சி, 13 அங்குலப் பிட்ச், 2.07 விகிதம் என்றால் விடை ஏறக்குறைய 53.6. ஜிபிஎஸ் 42 என்று காட்டினால் நழுவல் சுமார் 22 சதவீதம். பாண்டூனுக்கு இது இயல்பு. நழுவல் 35, 40 என்று எகிறினால் விட்டம் போதவில்லை, மோட்டார் உயரமாக மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது இறக்கை சேதமடைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இதே கணக்கை 2.38 விகிதத்துக்குப் போட்டால், 13 அங்குலப் பிட்ச் மணிக்கு 46.6 கிலோமீட்டர்தான் தரும், 53.8 கிடைக்க 15 அங்குலம் வேண்டும். பக்கத்துப் படகில் நன்றாக ஓடும் புரொப்பெல்லரின் எண்ணைக் கேட்டு அப்படியே வாங்குவது ஏன் தவறு என்பதற்கு இதுவே விளக்கம். இரண்டு மோட்டாரும் ஒரே குதிரைத்திறனாக இருந்தாலும் கியர் விகிதம் வேறானால் பிட்சும் வேறு.

இறக்கைகள் மூன்றா, நான்கா?

மூன்று இறக்கை உள்ளது விலை குறைவு. உச்ச வேகமும் சற்றுக் கூடுதல். நான்கு இறக்கை உள்ளதில் தண்ணீரைப் பற்றும் பரப்பு அதிகம். அதனால் படகு சட்டென்று கிளம்பும், திருப்பங்களில் பிடி விடாது, நடு வேகத்தில் சீராக ஓடும், அதிர்வு குறையும். பக்கக் காற்று தள்ளும்போது படகுத்துறையில் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திக் கட்டுவதும் எளிதாகும். பாண்டூன் உரிமையாளர்களுக்கு அன்றாடம் வேண்டியவை இவைதான்; எனவே நான்கு இறக்கை இந்தப் படகுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. மெர்க்குரியின் ‘ஸ்பிட்ஃபயர்’ போன்ற நான்கு இறக்கை அலுமினியப் புரொப்பெல்லர்கள் பாண்டூன்களில் பரவலாகக் காணப்படுவதும் இதனால்தான். கூடுதல் இறக்கை மோட்டாருக்குக் கூடுதல் சுமை. ஆகவே மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைத்துத் தொடங்குவது வழக்கம்.

இறக்கையின் பின்விளிம்பில் சிறு வளைவு இருந்தால் அதைக் கப் என்பார்கள். அது தண்ணீரை இறுகப் பிடிக்கும். பிட்சைச் சற்றுக் கூட்டியதுபோலச் சுழற்சியைக் குறைக்கும். இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் ரேக் எனப்படும். சாய்வு அதிகமானால் படகின் முன்பக்கம் உயரும். வழுக்கி ஓடும் ட்ரைடூனுக்கு இது ஓரளவு உதவும். இரண்டு குழாய்ப் படகுக்குப் பெரிய பலன் இல்லை.

அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

அலுமினியம் மலிவு, பழுது பார்ப்பதும் எளிது. பாறையில் பட்டால் இறக்கை வளைந்து அடியின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆழம் குறைந்த, கல்லும் கட்டையும் நிறைந்த ஏரிகளுக்கு இது நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பல மடங்கு வலுவானது என்பதால் இறக்கையை மெல்லியதாக வார்க்கலாம். வேகத்தில் வடிவம் மாறாமல் நிற்கும். வேகமும் எரிபொருள் சிக்கனமும் சற்றுக் கூடும். விலை பல மடங்கு. பலமாக மோதினால் அடி உள்ளே கியர்களுக்குப் போகும் வாய்ப்பும் உண்டு. மெதுவாக உலா வரும் இரண்டு குழாய்ப் படகுக்கு அலுமினியமே போதும். அதிகத் திறனுள்ள மோட்டாரும் ஆழமான ஏரியும் உள்ளவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொடுத்த விலைக்குப் பலன் தரும்.

காற்றும் குமிழும்

திரும்பும்போதோ வேகமெடுக்கும்போதோ மோட்டார் திடீரென்று அலறி, படகு முன்னேறாமல் நின்றால், புரொப்பெல்லருக்குள் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். நீர்ப்பரப்பிலிருந்து இறங்கும் காற்றோ மோட்டாரின் புகைவாயுவோ இறக்கைகளைச் சூழ்ந்துகொள்ள, அவை தண்ணீருக்குப் பதில் காற்றைத் தள்ளுகின்றன. இதைத் தடுக்கவே மோட்டாரில் கிடைத்தகடு உள்ளது. பாண்டூனில் மோட்டார் இரண்டு குழாய்களுக்கு நடுவே தனியாக நிற்பதால், குழாய்கள் கிளப்பும் நுரையும் அங்கே வந்து சேரும். மோட்டார் உயரமாக மாட்டப்பட்டிருந்தாலோ சாய்வு அதிகமாக வைக்கப்பட்டிருந்தாலோ சிக்கல் பெரிதாகும். புரொப்பெல்லரை மாற்றும் முன் சாய்வைக் குறைத்தும், மோட்டாரை ஒரு துளை கீழே இறக்கி மாட்டியும் பார்க்க வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்தால் கப் உள்ள நான்கு இறக்கைப் புரொப்பெல்லர் நல்ல தீர்வு.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று கேவிட்டேஷன். இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் இறங்கும்போது, அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவிக்குமிழ்களாகிறது. அந்தக் குமிழ்கள் வெடித்து அடங்கும் வேகத்தில் உலோகத்தைக் கொத்துகின்றன. 1894-இல் பிரிட்டனின் சார்ல்ஸ் பார்சன்ஸ் கட்டிய ‘டர்பினியா’ என்ற நீராவி டர்பைன் கப்பல், போதுமான திறன் இருந்தும் எதிர்பார்த்த வேகத்தை எட்டாமல் நின்றதற்கு இதுவே காரணம். ஒற்றைத் தண்டை நீக்கி, மூன்று தண்டுகளில் மொத்தம் ஒன்பது சிறிய புரொப்பெல்லர்களை அவர் பொருத்திய பிறகு, 1897-இல் அது மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் ஓடி உலகை வியக்க வைத்தது. பாண்டூன் படகில் கேவிட்டேஷன் வருவது பெரும்பாலும் நசுங்கிய, விளிம்பு சிதைந்த இறக்கைகளால். இறக்கையில் அம்மைத் தழும்புகளாகப் பள்ளங்கள் தெரிந்தால் பழுது பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

உயரமும் வெயிலும்

கடல் மட்டத்திலிருந்து உயர உயரக் காற்றின் அடர்த்தி குறைகிறது. மோட்டாரின் திறனும் குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாஹோ ஏரியில் இந்த இழப்பு ஏறக்குறைய 19 சதவீதம். சமவெளியில் சரியாக இருந்த புரொப்பெல்லர் அங்கே மோட்டாரைத் திணறடிக்கும். பிட்சைக் குறைத்தே ஆக வேண்டும். கடும் வெப்பமும் ஈரப்பதமும் திறனைச் சற்றுக் குறைக்கும் என்பதால், குளிர்ந்த வசந்த காலத்தில் செய்த சோதனையைக் கோடையில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

வாங்குவதும் மாட்டுவதும்

மோட்டாரின் தண்டில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் கியர்ப் பெட்டியின் அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் வேறுபடும். எனவே தயாரிப்பாளர், குதிரைத்திறன், ஆண்டு, மாடல் எண் எல்லாவற்றையும் சொல்லியே வாங்க வேண்டும். ஒற்றை மோட்டார் படகுகளில் பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லரே வழக்கம். இரட்டை மோட்டார் படகில் ஒன்று இடஞ்சுழியாக இருக்கலாம். நடுக்குழலுக்குள் இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் ஹப், இறக்கை எதிலாவது மோதும்போது அதிர்ச்சியைத் தாங்கி கியரைக் காக்கிறது. மோட்டார் சுற்றியும் படகு நகரவில்லை என்றால் இந்த ஹப் பிய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மாட்டும்போது சாவியை எடுத்துவிட்டு, பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றி, கியரை நடுநிலையில் வைத்த பிறகே புரொப்பெல்லரைத் தொட வேண்டும். கிடைத்தகட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே மரக்கட்டை வைத்து நட்டைத் திருகினால் இறக்கை சுழன்று கையை வெட்டாது. தண்டில் நீர் புகாத கிரீஸ் பூசி, வாஷர்களைப் பழைய வரிசையிலேயே போட்டு, கையேடு சொல்லும் இறுக்கத்துக்கு நட்டை முடுக்க வேண்டும். தண்டைச் சுற்றிய தூண்டில் நரம்பு எண்ணெய்ச் சீலை அறுத்துவிடும் என்பதால், கழற்றும் ஒவ்வொரு முறையும் அதைத் தேடி எடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பழைய புரொப்பெல்லரையும் ஒரு நட்டையும் மாற்றாகப் படகிலேயே வைத்துக்கொண்டால், நடு ஏரியில் இறக்கை உடைந்தாலும் கரை சேரலாம்.

ஆக, தேர்வின் வரிசை இது. கையேட்டில் சுழற்சி வரம்பைப் பார்த்து, வழக்கமான சுமையுடன் சோதித்து, சுழற்சி வரம்பின் மேற்பாதியில் நிற்கும்வரை பிட்சைத் திருத்த வேண்டும். பிறகு படகின் வேலைக்கு ஏற்ப இறக்கைகளின் எண்ணிக்கையையும், ஏரியின் தன்மைக்கு ஏற்ப உலோகத்தையும் முடிவு செய்ய வேண்டும். உலாவுக்கும் நீர்ச்சறுக்கு இழுப்பதற்கும் ஒரே படகைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு புரொப்பெல்லர் வைத்துக்கொள்வதும் உண்டு. இழுக்கும் நாளில் பிட்ச் குறைந்ததை மாட்டினால் படகு சட்டென்று கிளம்பும். அப்போதும் சுழற்சிமானியைப் பார்த்து மேல் எல்லையைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும்.